முறிந்த ஸ்டட், துரு, மொறிஸ் மைனர்: ஈசி அவுட் வாங்கலாமா?

வாசகர் கேள்வி, ஜனவரி 9 (சாவகச்சேரி)

1958 மொறிஸ் மைனர் 1000. எஞ்சின் புகையை சைலன்சருக்கு எடுக்கிற மனிபோல்ட்டின் கஸ்கெட் ஊதுகிறது என்று கழற்றப் போனேன். ஃபயர்வோல் (எஞ்சினுக்கும் ஆட்கள் இருக்கிற இடத்துக்கும் நடுவிலுள்ள தகடு) பக்கம் இருக்கிற கடைசி ஸ்டட், அதாவது இரண்டு முனையிலும் புரி உள்ள தலையில்லாத போல்ட், எஞ்சின் ஹெட்டோடு ஒட்ட முறிந்துவிட்டது. வெளியே பிடிக்க ஒன்றுமே இல்லை. டவுனில் ஒரு கடையில், முறிந்த போல்ட்டைக் கழற்றுகிற ஈசி அவுட் செட் பார்த்து வைத்திருக்கிறேன். துளை போட்டு அதை இறக்கித் திருப்பினால் வந்துவிடும் என்கிறார்கள். வாங்கலாமா? மாசக் கடைசியில் தங்கச்சியின் கலியாணம். பொம்பிளையைக் கூட்டிப் போக இந்தக் கார்தான்.

ஜனவரி 9, இரவு

தம்பி, அந்த செட்டை வாங்க வேண்டாம். வாங்கியிருந்தால் பெட்டியைத் திறக்க வேண்டாம்.

ஸ்டட் ஏன் முறிந்தது என்று முதலில் பாருங்கள். நட் மட்டும் ஸ்டட்டில் ஒட்டிப் பிடித்திருந்தால், ஸ்பனரைப் போட்டதும் ஸ்டட் முழுதாகச் சுழன்று நட்டோடு வெளியே வந்திருக்கும். பலருக்கு அப்படித்தான் வரும். உங்களுக்கு வரவில்லை, முறிந்தது. அப்படியென்றால் ஹெட்டுக்குள்ளும் அதே அளவு இறுகியிருக்கிறது. 5/16 அங்குலம், கிட்டத்தட்ட 8 மில்லிமீற்றர் தடிப்பான உருக்கு அந்தப் பிடியை வெல்ல முடியாமல் அறுந்திருக்கிறது. இப்போது அதன் நடுவில் 4 மில்லிமீற்றர் துளை போட்டு, அதற்குள் போகிற ஒரு மெல்லிய கம்பியால் திருப்பப் போகிறீர்கள். எட்டால் முடியாததை நாலு எப்படிச் செய்யும்?

இன்னொன்று, ஈசி அவுட் கூம்பு வடிவம். இறங்க இறங்க ஸ்டட்டை உள்ளிருந்து வெளிப்பக்கம் தள்ளும். ஏற்கெனவே இறுகிய புரி இன்னும் இறுகும். அது கடினமாக்கிய உருக்கு என்பதால் வளைந்து எச்சரிக்கை தராது, டக்கென்று முறியும். உள்ளே முறிந்தால் சாதாரண ட்ரில் பிட் அதன்மேல் வழுக்கிக்கொண்டே இருக்கும். ஒரு பிரச்சினை இரண்டாகும், இரண்டாவது முதலாவதைவிடப் பெரிது.

ஜனவரி 10, காலை

நேற்று எழுதியதைப் பார்த்து ஒருவர் "அப்ப ஈசி அவுட் எதற்குத்தான் செய்து விற்கிறான்?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. துரு இல்லாமல் முறிந்த போல்ட்டுக்கு அது நல்ல கருவி. அளவுக்கு மீறி இறுக்கித் தலை பறந்தது, அடிபட்டு அறுந்தது, இவற்றில் புரி சுத்தமாக இருக்கும். தலை போனதும் இழுவை போய்விடும், மிச்சம் தளர்ந்து நிற்கும். சில வேளை விரல் நகத்தாலேயே சுழற்றலாம். துருவேறி முறிந்ததற்குத்தான் அது ஆகாது.

ஜனவரி 10, மத்தியானம்

இனி என்ன செய்ய வேண்டும் என்பது.

இரும்பு துருவாகும்போது இரட்டிப்புக்கு மேல் இடம் கேட்கும். புரிக்குள் அதற்கு இடம் இல்லை. போத்தலுக்குள் ஊறிப் பருத்த கடலை போல இறுகிக்கொள்ளும். எண்ணெயால் துருவைக் கரைக்க முடியாது, ஓரத்தில் நுழைந்து வழுக்கல் தர மட்டும் முடியும். துருப்படலத்தை நொறுக்குவது சூடும் அதிர்வும்தான். அதனால் வரிசை இதுதான்: எண்ணெய், தட்டு, சூடு, பிறகு திருப்பல். எண்ணெயை விட்ட கையோடு ஸ்பனர் போடுகிறவர்கள்தான் அதிகம் முறிக்கிறார்கள்.

உங்கள் வேலைக்கு நான் சொல்வது, முறிந்த ஸ்டட்டின்மேல் ஒரு நட்டை வெல்டிங் பண்ணிப் பிடிப்பது. அது பிடி கிடைக்கிற வழி மட்டுமல்ல. வெல்டிங்கின் சூடு நேரே ஸ்டட்டுக்குள் இறங்குகிறது. ஸ்டட் சிவந்து பருக்கும்போது சுற்றியிருக்கிற ஹெட் குளிராகவே நிற்கும். பருக்க இடமில்லாமல் அது துருவை நசுக்கும், ஆறும்போது சுருங்கி விலகும். உருக்கு ஒரு பாகை செல்சியசுக்கு பத்து இலட்சத்தில் 12 பங்கு நீளும். 8 மில்லிமீற்றர் ஸ்டட்டை 500 பாகை சூடாக்கினால் கிட்டத்தட்ட 0.05 மில்லிமீற்றர். கேட்க ஒன்றுமில்லாத அளவு. ஆனால் துரு பிடித்து வைத்திருக்கிற இடைவெளியும் அந்த அளவுதான்.

செய்முறை: ஸ்டட்டின் முகத்தைக் கம்பித் தூரிகையால் பளபளக்கத் தேயுங்கள். ஸ்டட் அளவு துளை உள்ள வாஷர் ஒன்றை மேலே வைத்து, துளைக்குள்ளால் ஸ்டட்டின் நடுவில் நெருப்பை ஏற்றி வாஷரோடு ஒட்டுங்கள். அதன்மேல் ஒரு அளவு பெரிய நட்டை வைத்து உள்ளே நிரப்புங்கள். நட் கறுப்பு நட்டாக இருக்க வேண்டும். பளபளக்கிற நாகம் (சிங்க்) பூசிய நட்டில் ஒட்டு சரியாகப் பிடிக்காது, வருகிற வெள்ளைப் புகையை மூச்சில் எடுக்கவும் கூடாது. 2.5 மில்லிமீற்றர் வெல்டிங் குச்சி போதும். சிவப்பு மறையும்வரை பொறுங்கள். முழுக்க ஆற விடாமல், சூடு இருக்கும்போதே மெல்லத் திருப்பத் தொடங்குங்கள்.

முதல் நட் கழன்று வரலாம். மனம் விட வேண்டாம். இன்னொன்று ஒட்டுங்கள். ஒவ்வொரு சூடும் உள்ளே கொஞ்ச வேலை செய்துவிட்டுத்தான் போகிறது.

ஜனவரி 10, பின்னேரம்

முக்கியமானது ஒன்று விடுபட்டது. மைனரில் கார்பரேட்டரும் சைலன்சர் குழாய் போகிற மனிபோல்ட்டும் எஞ்சினின் ஒரே பக்கத்தில்தான், ஒன்றின்மேல் ஒன்றாக. எஸ்.யு. கார்பரேட்டரையும் பெற்றோல் குழாயையும் கழற்றி, குழாயின் வாயை அடைத்து, சிந்தியதைத் துடைத்துக் காய விட்டபிறகே நெருப்பு. பட்டறியும் பொனற்றுக்குள்ளேயே, ஃபயர்வோல் ஓரமாக இருக்கிறது. இரண்டு வயரையும் கழற்றி, பட்டறியையே தூக்கி வெளியே வையுங்கள். அந்தக் காலத்து மைனரில் பொசிட்டிவ்தான் காரின் உடலில் பூட்டியிருக்கும், திரும்பப் பூட்டும்போது இன்றைய பழக்கத்தில் மாற்றிப் பூட்டிவிடக் கூடாது. ஒட்டு வேலைக்கு முன் பிரேக் கிளீனர் அடித்துத் துப்புரவாக்கவும் வேண்டாம். சில வகைகளில் குளோரின் இருக்கும், அது வெல்டிங் நெருப்பில் நச்சு வாயுவாகும்.

ஜனவரி 11

நெல்லியடியிலிருந்து ஒரு அண்ணை எழுதியிருக்கிறார்: மைனர் ஹெட் வார்ப்பிரும்பு, அதில் நெருப்பு வைத்தால் வெடிக்கும், தம்பிக்குப் பிழையான வழி காட்டுகிறீர்கள் என்று.

அண்ணை சொல்வதில் பாதி சரி. சாதாரண வெல்டிங் குச்சி வார்ப்பிரும்பில் பட்டால் பட்ட இடம் கடினமாகி, ஆறும்போது நூல் வெடிப்பு விழக்கூடும். அதற்காகத்தான் வாஷர். அது ஹெட்டை மூடி நிற்கும். நெருப்பை ஸ்டட்டின் நடுவில் ஏற்றி அங்கேயே நிறுத்த வேண்டும், ஓரத்துக்கு இழுக்கக் கூடாது. ஹெட்டுக்கு நேரே காஸ் நெருப்பைப் பிடித்து ஒரே இடத்தைச் சிவக்க வைப்பதைத்தான் நானும் வேண்டாம் என்பேன். கை நடுங்காத வெல்டர் கிடைத்தால் செய்யுங்கள். கேற் கிராதி ஒட்டுகிறவர் எல்லோருக்கும் இந்த வேலை வராது. மிக் மெசின் (குச்சிக்குப் பதில் கம்பி தானாக வந்து ஒட்டுகிற வெல்டிங் மெசின்) வைத்திருக்கிறவர் கிடைத்தால் இன்னும் நல்லது.

கடைசி ஸ்டட் என்பதுதான் எனக்கு யோசனை. ஃபயர்வோல் பக்கம் கை போகாது, முகமூடியோடு தலை போகவே போகாது. எட்டாத இடத்தில் ஊகத்தில் ஒட்டுவதைவிட ஹெட்டைக் கழற்றி மேசையில் வைத்துச் செய்வது மேல். ஒரு ஹெட் கஸ்கெட் செலவு. எண்ணெய் ஊறுகிற நேரத்தில் ஹெட்டைக் கழற்றிவிடலாம்.

ஜனவரி 12

கையில் தெரிகிறதைப் பற்றி யாரும் எழுதவில்லை. அதுதான் எனக்கு இதில் பெரிய விஷயம்.

இறுகிய போல்ட் இளகும்போது "டிக்" என்று ஒரு வறண்ட சத்தம் வரும். ஸ்பனர் சட்டென்று கொஞ்சம் நகர்ந்து மறுபடி கெட்டியாக நிற்கும். அது நல்ல சகுனம். முறியப் போகிற போல்ட் சத்தம் போடாது. ஸ்பனர் மெத்தென்று நகரும், ரப்பரைத் திருப்புவது மாதிரி. பலர் "ஆ, வருது வருது" என்று சந்தோஷப்பட்டு இழுப்பார்கள். அது வரவில்லை, உலோகம் முறுகுகிறது. அந்த மெத்தென்ற உணர்வு வந்த கணமே கையை எடுத்துவிட வேண்டும். ஒரு சுண்ணக்கட்டியால் போல்ட்டின் தலையிலும் பக்கத்திலும் சேர்த்துக் கோடு போட்டு வைத்தால் எவ்வளவு நகர்ந்தது என்று கண்ணாலும் பார்க்கலாம்.

டிக் சத்தம் கேட்டால் மேலே இழுக்காமல் திருப்பி இறுக்குங்கள். எண்ணெய் விடுங்கள். கால் சுற்று வெளியே, அரைக்கால் உள்ளே. புரியின் வாயில் எண்ணெய் முதலில் தெளிவாக நிற்கும், கொஞ்ச நேரத்தில் கபில நிறத்தில் சேறு மாதிரிக் கசியும். அது உள்ளே அரைபட்ட துரு வெளியே வருவது. சேறு வந்துகொண்டிருக்கிறவரை அவசரப்படக் கூடாது. அதைத் துடைத்துத் துடைத்துப் புது எண்ணெய் விட வேண்டும், இல்லாவிட்டால் அதே துரு அடுத்த புரியில் போய் நெருக்கிக்கொள்ளும்.

ஜனவரி 12, இரவு

ஸ்பனர் என்றதும் ஞாபகம் வந்தது. ஒஸ்ரின், மொறிஸ் எல்லாம் அங்குலக் கணக்கு. 5/16 புரிக்கு நட்டின் வாய் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீற்றர். இப்போது எல்லா வீட்டிலும் இருக்கிறது 13. 0.3 மில்லிமீற்றர் ஆட்டம். புது நட்டுக்குப் பரவாயில்லை. அறுபது வருடத் துரு தின்ற நட்டில் அந்த ஆட்டம் மூலையை உருட்டி எடுத்துவிடும். அரை அங்குல ஆறு முக சொக்கெட் ஒன்று வாங்குங்கள், பன்னிரண்டு முகம் வேண்டாம். ஜப்பான் மோட்டார்ச் சைக்கிள்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை, அவை மில்லிமீற்றர்க் கணக்கு.

ஜனவரி 14, பொங்கல்

நெய் மணக்கிற கையோடு எழுதுகிறேன். எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.

எந்த எண்ணெய் நல்லது என்று பெரிய சண்டை நடக்கிறது. டபிள்யூ.டி. 40 பேரில் இருக்கிறதே அதன் வேலை: ஈரத்தை விலக்குவது. 1953இல் சான் டியேகோவில், அட்லஸ் ஏவுகணையின் உடலில் துரு ஏறாமல் தடுக்கச் செய்தது. 40 என்பது நாற்பதாவது கலவை. துருவுக்குள் ஊறிப் போவதற்கென்று முதலில் செய்யப்பட்டதல்ல, ஆனால் ஒன்றுமில்லாததற்கு நல்லது. அசிற்றோனும் ஒட்டோ கியர் ஒயிலும் பாதிக்குப் பாதி கலப்பது நன்றாகவே ஊறும். இரண்டும் சேர்ந்து நிற்காது, ஒவ்வொரு முறையும் குலுக்கித்தான் விட வேண்டும். டக்கென்று தீப்பிடிக்கும், ஒட்டு வேலை நாளில் பக்கத்திலும் வைக்கக் கூடாது. டீசல் மலிவு, மெதுவாக வேலை செய்யும். இவற்றுக்கு நடுவில் உள்ள வித்தியாசம், ஒரு நாள் ஊற விடுவதற்கும் ஒரு மணித்தியாலம் ஊற விடுவதற்கும் உள்ள வித்தியாசத்தைவிடச் சின்னது.

தொண்ணூறுகளில், போர்க் காலத்தில், யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை இருந்தபோது இந்தப் பேச்சே இல்லை. பெற்றோல் கிடையாது. கார்பரேட்டருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம். இரவில் ஜாம் போத்தல் விளக்கு, அதற்கும் மண்ணெண்ணெய். அதைப் போல்ட்டுக்கு ஊற்றுவது வீண்செலவு. அப்போது கொக்குவில் பக்கம் ஒரு பட்டறையில் நான் பார்த்த ஐயா, இறுகிய போல்ட்டின் தலையில் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே இருப்பார். ஓங்கி அடிக்க மாட்டார். டொக் டொக் என்று ஒரே சீராக, வருகிறவர்களோடு கதைத்தபடி. சத்தத்தின் தொனி மாறுகிறவரை ஸ்பனரைத் தொட மாட்டார். முறிந்தால் மாற்றுவதற்கு இன்னொரு போல்ட் ஊரிலேயே இல்லை என்று அவருக்குத் தெரியும். அந்தக் கார்கள் இன்றைக்கும் ஓடுவது அப்படியான கைகளால்தான். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியபிறகு விலை ஏறியது என்று பழைய கார்களைத் தேடி வாங்கினவர்கள், அந்தக் கையைத் தேடிப் போய்ப் பழக வேண்டும் என்று எனக்கு உண்மையிலேயே ஆசை.

ஜனவரி 16

மானிப்பாயிலிருந்து ஒரு தங்கச்சி கேட்கிறார்: அப்பாவின் ஹொண்டா எம்.டி. 90, சைலன்சர் பூட்டுகிற 6 மில்லிமீற்றர் ஸ்டட் முறிந்துவிட்டது, இதே வழியா என்று.

இல்லை. ஹெட் அலுமினியம். அலுமினியம் 660 பாகையில் உருகிவிடும், உருகுமுன் நிறம் மாறிக் காட்டாது. ஆனால் சூட்டில் அது உருக்கைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும், அது நமக்கு வசதி. ஹெட்டைச் சுற்றிச் சீராகச் சூடாக்கினாலே துளை விரிந்து ஸ்டட்டை விடும். கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வைஸ் கிரிப்பால் பிடித்துத் திருப்பலாம்.

ஒட்ட முறிந்து ஒன்றுமே நடக்காவிட்டால் ஒரு பழைய வித்தை இருக்கிறது. மணிக்கூடு திருத்துகிறவர்கள் செய்வது. சீனக்காரம், அதாவது படிகாரம். கடையில் வாங்கி, சுடுதண்ணீரில் கரைகிற மட்டும் கரைத்து, அதற்குள் வைத்துச் சூடு குறையாமல் பார்த்துக்கொண்டால் அது உருக்கை மெல்ல மெல்லத் தின்னும், அலுமினியத்தைக் கிட்டத்தட்டத் தொடாது. சின்னச் சின்னக் குமிழி ஸ்டட்டிலிருந்து எழும்பும். குமிழி நின்றால் கறுப்புப் படலத்தைத் தேய்த்துவிட்டுப் புதுக் கரைசல் ஊற்ற வேண்டும். நாட்கணக்கில் எடுக்கும். வால்வு, ஸ்பிரிங், உருக்கு என்று உள்ளதெல்லாம் கழற்றிவிட்ட வெறும் ஹெட்டாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவற்றையும் சேர்த்துத் தின்னும். வால்வு உட்காருகிற வளையத்தைக் கழற்ற முடியாது, அதனால் ஹெட்டை முழுதாக அமிழ்த்த வேண்டாம். ஸ்டட் துளையைச் சுற்றிக் களிமண்ணால் கிண்ணம் கட்டி அதற்குள் மட்டும் ஊற்றுங்கள், சூடு ஆறினால் மாற்றி ஊற்றுங்கள். வீட்டுச் சமையல் பாத்திரம் வேண்டாம்.

சாவகச்சேரித் தம்பி இதைப் படித்துவிட்டு மைனருக்குச் செய்யக் கூடாது. வார்ப்பிரும்பும் இரும்புதான், ஸ்டட்டோடு ஹெட்டையும் தின்னும். நாகக் கலவையில் வார்த்த கார்பரேட்டர்களுக்கும் ஆகாது.

ஜனவரி 18

மெழுகைப் பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். சூடான போல்ட்டில் மெழுகுதிரியைத் தொட்டால் உருகிப் புரிக்குள் இழுபடும் என்று. இழுபடும், உண்மை. சூடு குறைவாக இருந்தால் நுனியில் உறையும், அதிகமாக இருந்தால் புகைந்து எரியும். எண்ணெய்க்கு முன்னால் மெழுகு போட்டால் பிறகு எண்ணெய் போக வழியில்லை. அதனால் வெல்டிங் சூட்டுக்குப் பிறகு, திருப்பத் தொடங்கும்போது மட்டும்.

ஜனவரி 19

தம்பிக்கு வெல்டர் கிடைக்கவில்லையாம், எல்லோரும் பொங்கலுக்குப் பிறகு வேலையில் மும்முரம். கிடைக்காமலே போனால் என்ன வழி?

துளைப்பதுதான். கையால் நடுவைக் கண்டுபிடிக்க முடியாது. முறிந்த முகம் மேடு பள்ளமாக இருக்கும், உருக்கு வார்ப்பிரும்பைவிடக் கடினம், பிட் ஓரத்துக்கு வழுக்கி ஹெட்டைத் தின்னும். கடைசல் பட்டறையில் ஒரு சின்ன புஷ் கடையச் சொல்லுங்கள், வெளிப்பக்கம் மனிபோல்ட் துளைக்கு இறுக்கமாக, உள்ளே 3 மில்லிமீற்றர் துளையோடு. மனிபோல்ட்டை மற்ற ஸ்டட்டுகளில் பூட்டி, அந்தத் துளைக்குள் புஷ்ஷை வைத்து அதன் வழியாகத் துளையுங்கள். நடு தானாகவே கிடைக்கும். பிறகு படிப்படியாகப் பெரிசாக்கி 6.5 மில்லிமீற்றரில் நிறுத்த வேண்டும். மிஞ்சுவது புரியில் சுற்றியிருக்கிற மெல்லிய உருக்குச் சுருள். கூரான கம்பியால் முனையைக் கிளப்பினால் சுருண்டு சுருண்டு வரும். இடக்கைப் பிட் (கழற்றுகிற பக்கமாகச் சுழன்று வெட்டுவது) கிடைத்தால் அதையே போடுங்கள். துளைக்கும்போதே சில வேளை மிச்ச ஸ்டட் பிட்டோடு சுழன்று வெளியே வந்துவிடும்.

ஆழத்தைப் பிட்டில் ரேப் சுற்றிக் குறித்துக்கொள்ளுங்கள். சில எஞ்சின்களில் துளைக்கு அந்தப் பக்கம் தண்ணீர்ப் பாதை.

ஜனவரி 24

தம்பி எழுதியிருக்கிறார்: ஹெட்டைக் கழற்றி, தெல்லிப்பழையில் மிக் வைத்திருக்கிற ஒருவரிடம் கொண்டுபோய், இரண்டாவது நட்டில் வந்துவிட்டதாம். படமும் போட்டிருக்கிறார். ஸ்டட்டின் புரியைப் பாருங்கள், முன்பாதி கறுப்பு, பின்பாதி செங்கல் நிறம். பின்பாதிதான் பிடித்து வைத்திருந்தது. மிகவும் சந்தோஷம்.

இனிப் பூட்டுவது. ஸ்டட்டின் இரண்டு முனையும் ஒரே புரி அல்ல. ஹெட்டுக்குள் போவது பரும்புரி, நட் போடுவது நுண்புரி. மாற்றி இறக்கினால் ஹெட்டின் புரி போய்விடும். துளைக்குள், புரி வெட்டுகிற பரும்புரி டேப்பைக் கையால் மட்டும் விட்டு எடுத்துத் துப்புரவாக்குங்கள், காற்று அடியுங்கள். ஸ்டட்டைக் கையால் முட்டும்வரை இறக்கினால் போதும். செப்புக் கிரீஸ் மெல்லிசாக. நட் பித்தளை நட்டாக இருக்கட்டும், பித்தளையும் உருக்கும் துருவில் ஒட்டிக்கொள்ளாது. எஞ்சினைச் சூடாக்கி, முழுக்க ஆறவிட்டு, ஒருமுறை மறுபடி இறுக்குங்கள். மற்ற ஸ்டட்டுகளையும் இப்போதே மாற்றிவிடுவது நல்லது, அவற்றுக்கும் அதே வயது.

பெப்ரவரி 2

ஊர்காவற்றுறையிலிருந்து ஒரு ஐயா: ஒஸ்ரின் ஏ40, பின் சில்லின் பிரேக் காற்று எடுக்கிற நிப்பிள் அசையவில்லை, நட் ஒட்டலாமா?

ஐயா, அங்கே நெருப்பு வேண்டாம். உள்ளே ரப்பரும் பிரேக் ஒயிலும். நிப்பிள் நடுவில் ஓட்டை உள்ளது, அதனால் நசுங்கித்தான் முறியும். ஓட்டைக்குள் சரியாகப் பொருந்துகிற ட்ரில் பிட்டின் மொட்டை முனையைச் செருகுங்கள், அப்போது நசுங்காது. ஆறு முக சொக்கெட்டால் முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை, பிறகு மறுபக்கம். தலையில் மெல்லத் தட்டுங்கள். ஒரு இரவு ஊறியும் மெத்தென்று நகர்ந்தால் விட்டுவிட்டு சிலிண்டரையே மாற்றுங்கள், பிரேக்கில் அரைகுறை வேலை கூடாது. புது நிப்பிளுக்கு ரப்பர் மூடி போட மறக்க வேண்டாம். கடலோரம் ஓடுகிற காரில் அந்த மூடி இல்லாவிட்டால் உப்புக் காற்று ஓட்டைக்குள்ளாலேயே இறங்கி, அடுத்த மாரிக்குள் மறுபடி பிடித்துவிடும்.